வளரும் ஸ்டார்ட்அப்புக்கு உள்தளம் (இன்ட்ராநெட்) கட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

பெங்களூருவின் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ கோரமங்களாவிலோ ஒரே மாடியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்வரை, ஊழியர்கள் மட்டும் பார்க்கும் இணையதளமான உள்தளம் எதுவும் தேவைப்படாது. வைஃபை பாஸ்வேர்டு வேண்டுமென்றால் பக்கத்து நாற்காலியைக் கேட்டால் போதும். நூறு பேரைத் தாண்டி, இன்னொரு மாடி எடுத்து, பொம்மசந்திரா பக்கம் கிடங்கும் திறந்த பிறகு நிலைமை மாறிவிடும். யாரைக் கேட்பது என்றே தெரியாதவர்கள் பாதிப் பேர் ஆகிவிடுவார்கள். ஹெச்.ஆரில் இருப்பவர் ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பார். "நமக்கும் இன்ட்ராநெட் வேணும்" என்ற பேச்சு அப்போதுதான் எழும். எழுந்ததும், கொஞ்சம் டிசைன் தெரிந்தவர் அல்லது கொஞ்சம் எழுத வருபவர் கைக்கு அந்த வேலை போகும். அவர் இதற்கு முன் அதைச் செய்திருக்க மாட்டார்.

பெங்களூருவில் அப்படி இந்த வேலை கைக்கு வந்த தமிழ் நண்பர்கள் எங்கே தொடங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியர் கேட்கும் கேள்விக்கு இன்றைய தேதியில் சரியான பதில் கிடைக்கும் இடம்தான் உள்தளம். ஃபவுண்டர் கடிதம், டீம் அவுட்டிங் படங்கள், பிறந்தநாள் பட்டியல் எல்லாம் நல்லவைதான், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றை ஒருமுறை பார்ப்பார்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை சேர்ந்தவர் செவ்வாய்க்கிழமை ஒரு சந்தேகத்தோடு வந்து பதிலோடு திரும்பினால், அடுத்த சந்தேகத்துக்கும் அங்கேயே வருவார். கீழே வரும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

1. கேள்விகளைச் சேருங்கள்

டிசைன் மென்பொருளை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். வெறும் ஷீட் போதும். அதில் நான்கு விஷயம்: கேள்வி, கேட்டவர் எந்தப் பிரிவு, பதில் சொன்னவர் யார், சரியான பதில் இப்போது எங்கே எழுதியிருக்கிறது. நான்காவது கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் "அவருக்குத் தெரியும்" என்று ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்களைக் குறித்து வையுங்கள், பக்கம் எழுதும்போது வேண்டும்.

கேள்வியை, கேட்டவர் வாயில் வந்த சொல்லிலேயே எழுதுங்கள். "ஓலா பில் எங்க போடணும்?" என்று கேட்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். நீங்களாக அதைப் பயணப்படி, செலவு மீட்பு என்றெல்லாம் மாற்றிவிட்டால், நாளை அவர் தேடும் சொல் உங்கள் தளத்தில் இருக்காது.

கேள்விகள் எங்கே கிடைக்கும்? அலுவலக அரட்டை ஆப்பான ஸ்லாக்கின் பொதுச் சேனல்கள், ஹெச்.ஆர். மெயில், ஐ.டி. டிக்கெட்டுகள், குழு குழுவாக ஓடும் வாட்ஸ்அப். இவற்றைவிட முக்கியமானவர் ரிசப்ஷனில் இருப்பவர். எழுதிக் கேட்கத் தயங்குகிற கேள்வியெல்லாம் அவரிடம்தான் போகும்: எந்த கேட்டில் பைக் நிறுத்துவது, உணவு அறையில் நம் டப்பாவைச் சூடு பண்ணலாமா, அம்மா ஊரிலிருந்து வந்தால் கீழே எங்கே உட்காரவைப்பது. அவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். கடந்த மாதம் சேர்ந்தவர்களிடமும் பேசுங்கள். "தளத்தில் என்ன இருக்க வேண்டும்?" என்று அவர்களைக் கேட்டால், எல்லாரும் நல்ல பிள்ளையாக "எல்லா பாலிசியும்" என்பார்கள். அதற்குப் பதில், "கடைசியாக எதைத் தெரிந்துகொள்ள அலைந்தீர்கள், என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்போதுதான் நடந்தது வெளியே வரும்.

சேகரிப்பு ஒரு சம்பளச் சுற்றாவது ஓட வேண்டும். சம்பளம் வந்த மறுநாள் வரும் கேள்வி வேறு, மாத நடுவில் வருவது வேறு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் கேள்விகளும் உண்டு. ஜனவரியில் முதலீட்டு ஆதாரம் எப்படிக் கொடுப்பது, ஜூனில் ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) எப்போது வரும் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாமல் வந்து நிற்பது பிப்ரவரி. கர்நாடகத்தில் மாதம் 25,000 ரூபாயும் அதற்கு மேலும் வாங்குபவர்களுக்கு மாதாமாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த மாற்றத்தின்படி பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய். ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. 11 மாதம் 200, ஒரு மாதம் 300 என்றால் கணக்கு அங்கே வந்து சரியாக நிற்கிறது. சம்பள ரசீதில் நூறு ரூபாய் குறைந்ததைப் பார்த்தவருக்கு இதெல்லாம் தெரியாது. சென்னையிலிருந்து மாறி வந்தவருக்கு இன்னும் குழப்பம், ஏனென்றால் அங்கே அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகும் வரி. நான்கு வரியில் ஒரு பக்கம் இருந்தால் ஹெச்.ஆருக்கு அந்த மாதம் நிம்மதி.

2. எது வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள்

ஷீட்டில் கேள்விகள் குவிந்ததும், அடிக்கடி வருபவை மேலே வரும்படி அடுக்குங்கள். முதல் முப்பது, நாற்பது கேள்விகளுக்குப் பதில் இருந்தாலே தளத்தை வெளியிட்டுவிடலாம். முழுதாக முடித்துவிட்டுத்தான் வெளியிடுவேன் என்று உட்கார்ந்தால், கடைசிப் பக்கம் முடிவதற்குள் முதல் பக்கம் பழசாகிவிடும்.

ஏற்கெனவே வேறு மென்பொருளில் இருக்கும் தகவலை உள்தளத்தில் இன்னொரு முறை எழுத வேண்டாம். விடுப்பு இருப்பு, சம்பள ரசீது, யார் யாருக்குக் கீழே என்ற பட்டியல் எல்லாம் ஹெச்.ஆர். மென்பொருளில் இருக்கும். அங்கே போக ஓர் இணைப்பு கொடுங்கள், போதும். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் என்றைக்காவது இரண்டும் வேறு வேறு சொல்லும். அன்றைக்கு ஊழியர் உள்தளத்தைத்தான் நம்பாமல் போவார், மென்பொருளை இல்லை.

3. எதை எதோடு வைப்பது

புதிதாகக் கட்டும் பலர் மெனுவில் ஹெச்.ஆர்., ஃபைனான்ஸ், ஐ.டி., அட்மின் என்று பிரிவுகளின் பெயரை வைக்கிறார்கள். நிறுவனத்துக்கு உள்ளே பல ஆண்டு இருப்பவருக்கு அது சரி. நேற்றுச் சேர்ந்தவருக்கு ஐடி கார்டு தருவது அட்மினா, ஐ.டி.யா, ஹெச்.ஆரா என்று எப்படித் தெரியும்?

இதற்கு எளிய வழி இருக்கிறது. சேர்த்த கேள்விகளை ஒவ்வொன்றாகத் துண்டுச் சீட்டில் எழுதி, மீட்டிங் ரூம் மேசையில் கொட்டுங்கள். வெவ்வேறு பிரிவிலிருந்து ஆறேழு பேரை, ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டு, "ஒன்றாக இருக்க வேண்டியதை ஒன்றாக வையுங்கள், குவியலுக்கு நீங்களே பெயர் வையுங்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். டிசைன் படித்தவர்கள் இதைக் கார்டு சார்ட்டிங் என்பார்கள். குவியல்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும் ஆறேழு எல்லார் மேசையிலும் திரும்பத் திரும்ப வரும். அவைதான் உங்கள் மெனு. அனேகமாக இப்படி இருக்கும்: முதல் வாரம், சம்பளமும் வரியும் பிஎஃப்பும், விடுப்பும் விடுமுறையும், லேப்டாப்பும் மென்பொருளும், காப்பீடு, அலுவலகமும் பயணமும், யாரைக் கேட்பது. ஏழெட்டுக்கு மேல் போனால் இரண்டைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

எந்தக் குவியலிலும் சேராமல் சில சீட்டுகள் மிஞ்சும். அவற்றுக்காக "இதர" என்று ஒன்று வைக்காதீர்கள். இடம் தெரியாத எல்லாம் அங்கே போய் விழுந்து ஆறு மாதத்தில் அது வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிடும்.

4. கருவி

இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நிறுவனத்தில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் இருந்தால் கூகுள் சைட்ஸ் அதோடு வருகிறது. மைக்ரோசாஃப்ட் 365 என்றால் ஷேர்பாயின்ட்டை முதலில் பாருங்கள். பொறியியல் குழு ஏற்கெனவே நோஷனிலோ கான்ஃப்ளுயன்ஸிலோ எழுதிக்கொண்டிருந்தால் அதிலேயே எல்லாருக்குமாக ஒரு பகுதி திறக்கலாம். ஜோஹோ வாங்கியிருக்கிறார்கள் என்றால் ஜோஹோ கனெக்ட் உண்டு. சொந்த சர்வரில் வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் புக்ஸ்டாக், விக்கி.ஜேஎஸ் போன்ற இலவசத் திறமூல மென்பொருள்கள் நன்றாகவே உழைக்கும். ஆனால் அப்டேட், பேக்கப் இரண்டையும் கவனிக்க ஆள் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முன் மூன்றைச் சோதியுங்கள். அலுவலக மெயில் ஐடியிலேயே உள்ளே போக முடிகிறதா? போனில் படிக்க வசதியாக இருக்கிறதா? ஹெச்.ஆரில் இருப்பவர் உங்கள் உதவியில்லாமல் ஒரு வரியை மாற்ற முடிகிறதா? மூன்றாவது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான கருவியும் வேண்டாம். "நாமே ரியாக்டில் (இணையதளம் கட்டும் நிரல் கருவி) எழுதிவிடலாம்" என்று குழுவில் யாராவது ஆசைப்படுவார்கள். அவர் திறமையில் சந்தேகமில்லை, ஆனால் தயாரிப்பு வேலை அழுத்தும்போது முதலில் கைவிடப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

5. முகப்பு

மேலே பெரிய தேடல் பெட்டி. அதன் கீழே ஷீட்டில் முதலிடம் பிடித்த எட்டுப் பத்துக் கேள்விகள், கேள்வி வடிவிலேயே. அதற்கும் கீழே, இந்த மாதம் மாறியவை என்று இரண்டு மூன்று வரி. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்கள் எப்போதும் கண்ணில் படும் இடத்தில். இவ்வளவுதான் முகப்பு.

ஓடும் படங்கள் வேண்டாம். மெல்லிய சாம்பல் நிற எழுத்தும் வேண்டாம்: எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் நிற வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணையத்துக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டி சொல்கிறது. இதைச் சரிபார்க்க இலவசக் கருவிகள் உண்டு.

லேப்டாப்பே இல்லாத ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். கிடங்கிலும் டெலிவரியிலும் இருப்பவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். சிலருக்கு அலுவலக மெயில் ஐடியே இருக்காது. பொம்மசந்திரா கிடங்கு என்றால் ஓசூரிலிருந்து தினமும் வந்து போகும் நம் ஊர்க்காரர்களும் கோலார் பக்கத்துக்காரர்களும் வடக்கிலிருந்து வந்தவர்களும் ஒன்றாக வேலை செய்வார்கள். சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, பாதுகாப்பு, புகார் ஆகிய பக்கங்களையாவது கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போடாமல், அந்த மொழிக்காரர் ஒருவர் படித்துப் பார்த்துச் சரிசெய்யட்டும். உள்ளே நுழைய மெயில் ஐடி இல்லாதவர்களுக்கு, ரகசியம் எதுவும் இல்லாத இந்தப் பக்கங்களை அச்சடித்து கிடங்குச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

6. பக்கம் எழுதுவது

வேலையின் பெரும்பகுதி இதுதான், நேரத்தையும் இங்கேதான் கொட்ட வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் பாலிசி கோப்புகள் எல்லாம் வக்கீல் பார்வைக்கு எழுதியவை. "இக்கொள்கையின் நோக்கம் யாதெனில்" என்று தொடங்கும். அதை அப்படியே ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். முழுக் கோப்புக்கும் பக்கத்தின் அடியில் இணைப்பு கொடுங்கள். மேலே பதில் வரட்டும்.

டாக்சிப் பணத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தளம் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

*வேலையாக வெளியே போன டாக்சி, ஆட்டோ, மெட்ரோ செலவைத் திரும்ப வாங்க: பில்லை ஃபைனான்ஸ் ஆப்பில் "பயணம்" என்ற தலைப்பில் ஏற்றுங்கள். 25-ம் தேதிக்குள் ஏற்றினால் அந்த மாதச் சம்பளத்தோடு வரும், தவறினால் அடுத்த மாதம். ஆட்டோவுக்கு பில் இல்லையென்றால் யூபிஐ ரசீது போதும். வீட்டிலிருந்து அலுவலகம் வரும் செலவு சேராது. இரவு 9 மணிக்கு மேல் வேலை முடிந்து வீட்டுக்குப் போனது சேரும். 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் முதலில் மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். பணம் வரவில்லையா? ஃபைனான்ஸ் உதவிச் சேனலில் எழுதுங்கள். பொறுப்பு: பேரோல் குழு. கடைசியாகச் சரிபார்த்த தேதி: இன்னது.*

ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. கெடு, ரசீது இல்லாத நிலை, எது சேரும் எது சேராது, சிக்கினால் யாரிடம் போவது என்று அவர் மனதில் எழும் வரிசையிலேயே மற்றவை வருகின்றன. கடைசி இரண்டு வரிகள், அதாவது பொறுப்பும் தேதியும், எல்லாப் பக்கத்திலும் கட்டாயம். தேதி இல்லாத பக்கத்தைப் படித்தவர் உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி ஸ்லாக்கில்தான் கேட்பார், உங்கள் உழைப்பு வீண்.

எழுதி முடித்ததும் அந்த விஷயத்தைக் கையாளுபவரிடம் காட்டி, "நிஜமாகவே இப்படித்தான் நடக்கிறதா?" என்று கேளுங்கள். பாலிசியில் ஐந்து நாள் என்றிருக்கும், நடைமுறையில் பத்து நாள் ஆகும். தளத்தில் பத்து என்றே எழுதுங்கள். இதற்கு மேலிடத்தில் கொஞ்சம் எதிர்ப்பு வரலாம், விட்டுக்கொடுக்காதீர்கள். தளம் சொன்னபடி நடக்கிறது என்ற நம்பிக்கை வந்தால்தான் மக்கள் கேட்பதை விட்டுப் படிக்க ஆரம்பிப்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டுப் பக்கத்துக்குத் தனிக் கவனம் கொடுங்கள். இதைப் படிக்கப்போகிறவர் இரவு இரண்டு மணிக்கு, அப்பாவை அவசரப் பிரிவில் சேர்த்துவிட்டு, போனில் ஐந்து சதவீத சார்ஜோடு நிற்பவராக இருக்கலாம். அவருக்கு முதல் திரையிலேயே வேண்டியவை: காப்பீட்டு உதவி எண், பாலிசி எண், இ-கார்டு எங்கே எடுப்பது, மருத்துவமனையின் காப்பீட்டு டெஸ்க்கில் என்ன காட்டுவது, எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது பாலிசிக்கு பாலிசி மாறும், உங்கள் பாலிசியைப் பார்த்து எழுதுங்கள். கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குக் கட்டும் முறை) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. இதையும் சேருங்கள், அந்த நேரத்தில் அவர் தைரியமாகக் கேட்க உதவும். பெற்றோருக்குக் காப்பீடு உண்டா, எந்த மாதத்துக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பவை அதற்குக் கீழே வரட்டும். ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு இங்கே வேலை பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அலுவலகத்துக்கு வரும் வழியைச் சொல்லும் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை, ஆனால் முதல் நாள் வருபவர் பார்ப்பது அதைத்தான். வரைபட இணைப்பு மட்டும் போதாது. எந்த கேட், எந்த லிஃப்ட், செக்யூரிட்டியிடம் யார் பெயர் சொல்வது என்று எழுதுங்கள். மடிவாளாவில் அதிகாலைப் பேருந்திலிருந்து இறங்குகிறவர் எப்படி வருவது என்றும் இருக்கட்டும். ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் வழி 2025 ஆகஸ்டில் திறந்தது. அதற்கு முன் எழுதிய வழிகாட்டல்கள் பல நிறுவனங்களில் இன்னும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்களுடையது அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

7. சட்டம் கேட்கும் பக்கங்கள்

சில பக்கங்களை யாரும் கேட்காவிட்டாலும் வைத்தாக வேண்டும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பதவியிலுள்ள பெண் தலைமை, உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். குழு அமைத்த உத்தரவையும் குற்றத்துக்கான தண்டனையையும் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சட்டமே சொல்கிறது. உங்கள் பக்கத்தில் உறுப்பினர் பெயர்கள், அவர்களை அடையும் வழி, புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்ற விவரம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். துப்புரவு வேலை செய்யும் அக்காக்களுக்கு உங்கள் தளத்துக்குள் நுழைய வழி இருக்காது. அதனால் இதே விவரத்தை அவர்கள் படிக்கும் மொழியில் அச்சடித்து உணவு அறையிலும் பெண்கள் கழிவறையிலும் ஒட்டுங்கள். இந்தப் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்ற பதிவை யாரும் எட்டிப்பார்க்க முடியாதபடி ஐ.டி.யிடம் சொல்லி வையுங்கள்.

மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிய 2017 திருத்தத்தில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: கிடைக்கும் சலுகைகளை, வேலையில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்திலும் மின்னணு முறையிலும் தெரிவிக்க வேண்டும். "முதல் வாரம்" பகுதியிலேயே அந்தப் பக்கத்தை வைத்துவிட்டால், மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற பெண்ணுக்கும் விவரம் தெரிந்துவிடும்.

விடுமுறைப் பட்டியலும் இந்த வகைதான். கர்நாடகச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஐந்து நாளும் கட்டாய விடுமுறை, அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் என்பது வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போக விரும்புபவர் விருப்ப விடுமுறையை எப்படி எடுப்பது என்பதும் இதே பக்கத்தில் இருக்கட்டும். டிக்கெட் போட அவருக்கு இரண்டு மாதம் முன்பே தெரிய வேண்டும்.

8. யார் எதைப் பார்க்கலாம்

இணைப்பு கையில் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பை எந்தப் பக்கத்துக்கும் போடாதீர்கள். அலுவலக மெயில் ஐடியோடு நுழைவதுதான் சரி. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மூடும்போது இதுவும் தானாக மூடிவிடும். ஆதார், பான், வங்கிக் கணக்கு நகல்கள் உள்தளத்தில் இருக்கவே கூடாது. பாஸ்வேர்டுகளும் அப்படித்தான், அவற்றுக்கென்று பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. ஊழியர் பட்டியலில் சொந்த போன் எண், பிறந்த தேதி போடுவதற்கு முன் அவரவரிடம் கேளுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன், ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை. பிறந்தநாள் வாழ்த்துக்கு நாளும் மாதமும் போதும், ஆண்டு எதற்கு?

9. ஐந்து பேரை உட்காரவையுங்கள்

வெளியிடும் முன் சோதித்துப் பாருங்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். இன்றைக்கும் அந்தக் கணக்கு கை கொடுக்கிறது. தளத்தைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள். வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பாருங்கள்.

ஒரு நிறுவனத்தில் இப்படிச் சோதனை நடந்தபோது பக்கத்தில் இருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பெண். "எலக்ட்ரானிக் சிட்டியில் கிளையன்ட்டைப் பார்த்துவிட்டு வந்தீர்கள், டாக்சிப் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும்" என்று சொன்னோம். தேடல் பெட்டியில் "கேப்" என்று அடித்தார், எதுவும் வரவில்லை. "ஊபர்" என்று அடித்தார், அதுவும் இல்லை. மவுஸ் மெனுவில் ஃபைனான்ஸ் மேல் கொஞ்ச நேரம் நின்றது, அட்மின் பக்கம் போனது, திரும்பி வந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் ஸ்லாக்லயே கேட்டுக்கட்டுமா?" என்றார். பதில் தளத்தில் இருந்தது. பக்கத்தின் தலைப்பு "லோக்கல் கன்வேயன்ஸ் பாலிசி".

தலைப்பை அவர்கள் அன்றைக்கே மாற்றினார்கள். பக்கத்தின் அடியில் கேப், டாக்சி, ஓலா, ஊபர், ராபிடோ, ஆட்டோ என்று தேடலில் சிக்கும்படி சொற்களையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த வேலை உண்டு. சோதிப்பவர் திணறும்போது உதவக் கை பரபரக்கும், உதவாதீர்கள். அவர் எங்கே நின்றார், என்ன சொல்லைத் தேடினார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

10. வெளியிட்ட பிறகு

எல்லா ஊழியரும் கூடும் ஆல் ஹேண்ட்ஸ் கூட்டத்தில் காட்டுவது, மெயில் அனுப்புவது எல்லாம் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் பழக்கம் அதனால் மாறாது. ஸ்லாக்கில் யாராவது கேள்வி கேட்கும்போது மாறும். பதில் தெரிந்தவர்கள் பதிலைத் தட்டாமல் பக்கத்தின் இணைப்பைப் போட வேண்டும். பக்கம் இல்லையென்றால் முதலில் பக்கத்தை எழுதிவிட்டு அப்புறம் இணைப்பைப் போட வேண்டும். ஹெச்.ஆர்., ஐ.டி., ஃபைனான்ஸ் மூவரிடமும் இதை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். "தளத்தில் பார்க்கவில்லையா?" என்ற தொனி மட்டும் வரவே கூடாது. "இதோ இங்கே இருக்கு, ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க" என்றால் கேட்டவரும் திருத்தத்துக்கு உதவுவார். திங்கட்கிழமை சேருபவர்களுக்கு ஞாயிறு மாலை போகும் மெயிலில் "முதல் வாரம்" பக்கத்தின் இணைப்பு இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை, தேடியும் எதுவும் கிடைக்காத சொற்களின் பட்டியலைக் கருவி கொடுத்தால் எடுத்துப் பாருங்கள். அடுத்து எழுத வேண்டிய பக்கங்கள் அதில் இருக்கும். ஆண்டுச் சுற்றில் மாறுபவற்றுக்கு நாள்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள்: ஏப்ரலில் வரிப் பக்கங்கள், காப்பீடு புதுப்பிக்கும் மாதம், டிசம்பரில் அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியல். ஆறு மாதமாக யாரும் சரிபார்க்காத பக்கத்தின் மேல் "இது பழையதாக இருக்கலாம்" என்று பட்டை போடுங்கள். அதற்குப் பிறகும் பொறுப்பாளர் கவனிக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். தப்பான பதில் கிடைப்பதைவிடப் பதில் கிடைக்காமல் ஆளைக் கேட்பது நல்லது.

ஸ்டார்ட்அப்பில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் போகும்போது அவர் பெயரில் இருந்த பக்கங்கள் ஆளில்லாமல் நின்றுவிடும். லேப்டாப்பும் ஐடி கார்டும் திரும்ப வாங்கும் பட்டியலிலேயே "உங்கள் பொறுப்பில் உள்ள பக்கங்கள் இனி யாருக்கு?" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள், கடைசி நாளில் அவருக்கு அதற்கு நேரம் இருக்காது.